நடைக்குச் செலவாகும் சக்தியைக் கணக்கிடுதல்

மனிதன் மேற்கொள்ளும் உடலுழைப்புகள் யாவற்றிலும் மிகப் பொதுவானது நடை. வயலுக்குச் செல்லும் உழவர், தண்ணீர்க் குடத்துடன் திரும்பும் பெண், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் செல்லும் தபால்காரர், உடல்நலம் கருதிக் காலையில் உலாவும் அலுவலர் ஆகிய யாவரும் நடக்கின்றனர். நடக்கும்போது உடலில் சக்தி செலவாகிறது என்பதும், அச்சக்தி உண்ட உணவிலிருந்து கிடைக்கிறது என்பதும் அனைவரும் அறிந்தவையே. ஆயினும், குறிப்பிட்ட ஒரு தூரத்தை நடந்து கடக்க எவ்வளவு சக்தி செலவாகும் என்று வினவினால், சரியான விடை கூறுவோர் சிலரே. பலர் உண்மையான அளவைக் காட்டிலும் மிகுத்தே மதிப்பிடுகின்றனர். வேறு பலரோ நடையை ஓர் உழைப்பாகவே கருதுவதில்லை.

இவ்விரு பிழைகளும் தீங்கு விளைவிப்பவை. செலவை மிகுத்து மதிப்பிடுபவர், ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, நடையில் செலவானதைப் போல் இரண்டு மடங்கு உணவை உட்கொண்டு, எடை ஏன் குறையவில்லை என்று கவலையுறுகிறார். செலவைக் குறைத்து மதிப்பிடுவதால் விளையும் தீங்கு இதனினும் பெரிது. ஓர் உழைப்பாளியின் உணவுத் தேவையைத் திட்டமிடும்போது, அவர் வேலைக்குச் சென்று திரும்பும் தூரமும், சுமக்கும் சுமையும் கணக்கில் சேராமற்போனால், அவ்வளவு உணவு அவருக்குக் குறைந்துபோகும். அக்குறையை அவருடைய உடலே ஈடுசெய்ய வேண்டியதாகும்.

ஆகவே, நடையின் செலவை ஓரளவு சரியாக மதிப்பிடும் முறையை அறிந்திருத்தல் பயனுடையது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. உடலின் எடை, நடந்த தூரம், ஏறிய உயரம், சுமந்த சுமை ஆகிய நான்கும் தெரிந்தால் போதும்.

கலோரி என்பது யாது?

சக்தியை அளப்பதற்குரிய அலகுகளுள் ஒன்று கலோரி. ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு சென்டிகிரேடு டிகிரி உயர்த்துவதற்குத் தேவையான உஷ்ணமே ஒரு கலோரி. உணவைப் பற்றிய கணக்குகளுக்கு இது மிகவும் சிறிய அலகாதலால், இதைப்போல் ஆயிரம் மடங்குள்ள கிலோகலோரியே அங்குக் கையாளப்படுகிறது. உணவைக் குறித்துப் பேசுமிடத்தில் வெறுமனே ‘கலோரி’ என்று வழங்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கிலோகலோரியே. ஒரு கிலோகலோரி 4,184 ஜூல்களுக்குச் சமமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி வில்பர் அட்வாட்டர், ஒரு மனிதர் பல நாட்கள் தங்கியிருக்கக்கூடிய அறையொன்றைச் சக்தியளக்கும் கருவியாக அமைத்தார். உள்ளே இருப்பவர் உண்ட உணவும், அவர் வெளிவிட்ட உஷ்ணமும், மூச்சுக் காற்றும், கழிவும் நுட்பமாக அளக்கப்பட்டன. வரவும் செலவும் ஒத்திருந்தன. சக்தி தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்னும் நியதி, நீராவி இயந்திரத்துக்குப் போலவே மனித உடலுக்கும் பொருந்துகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. ஒரு கிராம் மாவுப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே ஏறத்தாழ 4 கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரியும் தரும் என்று இன்றும் வழங்கும் மதிப்புகள் அவருடைய ஆராய்ச்சியிலிருந்து வந்தவை.

மூச்சை அளந்து சக்தியை அறிதல்

நடந்து செல்லும் மனிதரை அறைக்குள் அடைத்து வைத்து அளக்க இயலாது. ஆனால் அவருடைய மூச்சை அளக்கலாம். உடல் உணவை எரிப்பதற்குப் பிராணவாயு தேவை. எரியும் உணவு மிகுந்தால் பிராணவாயுவின் செலவும் மிகும். பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர், தம் உடனுழைப்பாளர் செகுவின் என்பவரையே பரிசோதனைக்கு உட்படுத்தி, உழைக்கும்போது உடல் மிகுதியான பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவிலேயே காட்டினார்.

ஒரு லிட்டர் பிராணவாயு செலவாகும்போது உடலில் வெளிப்படும் சக்தி, எரியும் பொருளுக்கேற்பச் சிறிதே மாறுபடும். கொழுப்பு மட்டும் எரிந்தால் ஏறத்தாழ 4.7 கிலோகலோரியும், மாவுப்பொருள் மட்டும் எரிந்தால் ஏறத்தாழ 5 கிலோகலோரியும் வெளிப்படும். வேறுபாடு மிகக் குறைவாதலால், ஒரு லிட்டர் பிராணவாயுவுக்கு 5 கிலோகலோரி என்று கொள்வது வழக்கமாயிற்று. வெளிவரும் கரியமிலவாயுவையும் சேர்த்து அளந்து, மேலும் நுட்பமான விடை காண்பதற்குரிய சூத்திரத்தை வியர் என்னும் உடலியல் அறிஞர் 1949-ல் வெளியிட்டார். அது இன்றும் வழக்கில் உள்ளது.

ஆராய்ச்சியைத் திறந்த வெளிக்குக் கொண்டுசென்ற சாதனம், இங்கிலாந்தின் கிளாடு டக்ளஸ் 1911-ல் அமைத்த பையாகும். நடப்பவர் தம் முதுகில் காற்றுப் புகாத பெரிய பையொன்றைச் சுமந்து செல்வார். அவருடைய மூக்கு ஒரு கவ்வியால் மூடப்பட்டிருக்கும். வாயில் பொருத்திய குழாயிலுள்ள அடைப்பான்களின் வழியே வெளிக் காற்று உள்ளே செல்லும். விடும் மூச்சு முழுவதும் பையில் சேரும். பிறகு பையிலுள்ள காற்றின் அளவும், அதில் எஞ்சியுள்ள பிராணவாயுவின் விகிதமும் கண்டறியப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு இம்முறையை விளக்கும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார் எனக் கொள்க. அவர் நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சு விடுகிறார். உள்ளே சென்ற காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் இருந்த பிராணவாயு, வெளிவந்த மூச்சில் 17 சதவீதமாகக் குறைந்துள்ளது எனக் கொள்க. குறைந்த 4 சதவீதமே உடல் எடுத்துக்கொண்ட பங்கு. 18 லிட்டரில் 4 சதவீதம் 0.72 லிட்டர். இதை 5 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 3.6 கிலோகலோரியும், ஒரு மணி நேரத்துக்கு 216 கிலோகலோரியும் செலவாவது புலப்படும்.

பல நாட்களின் மொத்தச் செலவை அறிவதற்கு வேறொரு முறை உண்டு. ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய இரண்டின் கனமான ஐசோடோப்புகளைக் கொண்ட தண்ணீரைச் சிறிதளவு பருகச் செய்து, அவை சிறுநீரில் எவ்வளவு விரைவில் குறைகின்றன என்பதைக் கொண்டு உடல் வெளிவிட்ட கரியமிலவாயுவைக் கணிப்பதே அம்முறை. அமெரிக்காவின் லிப்சன் முதலியோர் விலங்குகளிடத்தில் வகுத்த இம்முறை, 1982-ல் மனிதரிடத்தில் கையாளப்பட்டது.

மொத்தச் செலவும் நிகரச் செலவும்

மேற்கண்ட 216 கிலோகலோரி முழுவதும் நடையால் ஆன செலவன்று. ஒருவர் அசையாமல் அமர்ந்திருந்தாலும் இதயம் துடிக்கிறது. நுரையீரல் சுருங்கி விரிகிறது. மூளையும் கல்லீரலும் இடைவிடாது வேலை செய்கின்றன. இவற்றிற்காக, வளர்ந்த ஒருவருக்குக் கிலோகிராம் எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. பலருக்கு உண்மையான அளவு இதனினும் சிறிது குறைவே.

ஆகவே, 60 கிலோகிராம் எடையுள்ளவர் வீட்டிலேயே அமர்ந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 60 கிலோகலோரியைச் செலவிட்டிருப்பார். 216-லிருந்து இதைக் கழித்தால் எஞ்சுவது 156. இதுவே நடையினால் கூடுதலாக ஆன செலவு. முதற்கூறியதை மொத்தச் செலவு என்றும், பிற்கூறியதை நிகரச் செலவு என்றும் குறிப்பிடலாம்.

இவ்வேறுபாட்டைக் கவனியாமையே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். ஒரு நாளைய முழு உணவுத் தேவையை நேரவாரியாகக் கூட்டும்போது மொத்தச் செலவையே கொள்ளவேண்டும். ‘நான் நடந்ததால் எவ்வளவு கூடுதலாகச் செலவாயிற்று?’ என்னும் வினாவுக்கு நிகரச் செலவே விடையாகும். ஓய்வுக்குரிய சக்தி, நாள் முழுவதற்குமான உணவுக் கணக்கில் முன்னரே சேர்ந்திருப்பதால், நடைக்காக மொத்தச் செலவை மறுபடியும் கூட்டுவது ஒரே செலவை இருமுறை எழுதுவதாகும்.

எளிய விதி

சமதரையில், சாதாரண வேகத்தில் நடப்பவருக்கு நிகரச் செலவு, ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோகலோரி. உடற்பயிற்சித் துறையில் பெருவழக்காக உள்ள சூத்திரமொன்று, ஒரு கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் தூரம் கொண்டு செல்ல 0.1 மில்லிலிட்டர் பிராணவாயு கூடுதலாகத் தேவை என்று கூறுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு அது 100 மில்லிலிட்டர், அதாவது பத்தில் ஒரு லிட்டர். இதற்குச் சமமான சக்தி அரைக் கிலோகலோரி. எனவே விதியைப் பின்வருமாறு சுருக்கலாம்:

நிகரச் செலவு = எடை (கிலோகிராம்) × தூரம் (கிலோமீட்டர்) × 0.5

60 கிலோகிராம் எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் நடந்தால் 60 × 5 × 0.5 = 150 கிலோகலோரி. மூச்சை அளந்து மேலே கண்ட 156-க்கு இது மிக அண்மையிலுள்ளது.

இவ்விதியில் நேரமும் வேகமும் இடம்பெறாமை வியப்பளிக்கலாம். விரைந்து நடப்பவர் நிமிடத்துக்கு மிகுதியாகச் செலவிடுகிறார்; ஆனால் விரைவிலேயே சென்று சேர்ந்துவிடுகிறார். ஒன்றை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்கிறது. அமெரிக்காவின் ரால்ஸ்டன் 1958-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்குகிறது. அவர் கண்ட சமன்பாட்டின்படி 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு ஆகும் மொத்தச் செலவு பின்வருமாறு:

மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம்: மணிக்கு 152 கிலோகலோரி, கிலோமீட்டருக்கு 51
மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம்: மணிக்கு 189 கிலோகலோரி, கிலோமீட்டருக்கு 47
மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம்: மணிக்கு 237 கிலோகலோரி, கிலோமீட்டருக்கு 47
மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம்: மணிக்கு 295 கிலோகலோரி, கிலோமீட்டருக்கு 49
மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம்: மணிக்கு 364 கிலோகலோரி, கிலோமீட்டருக்கு 52

மணிக்கணக்கில் செலவு இருமடங்குக்கு மேல் உயர்ந்தபோதிலும், கிலோமீட்டர்க் கணக்கில் அது சிறிதே மாறுவதைக் காணலாம். மிகக் குறைந்த செலவு மணிக்கு ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாதபோது மக்கள் தாமாகவே மேற்கொள்ளும் நடை வேகமும் ஏறத்தாழ இதுவே. இச்சமன்பாட்டிலிருந்து ஓய்வுச் செலவைக் கழித்தால், 5 கிலோமீட்டர் நடைக்கு நிகரச் செலவு 177 கிலோகலோரி என்றாகிறது. எளிய விதியோ 150 என்கிறது. இரண்டு நல்ல முறைகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதால், இத்தகைய கணக்குகளில் ஒன்று, இரண்டு கலோரிகளைப் பற்றி வாதிடுவது பயனற்றது. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் 0.5-க்குப் பதிலாக 0.6 அல்லது 0.65 என்று கொள்வது பொருத்தமாயிருக்கும்.

நடை இவ்வளவு சிக்கனமானதாக இருப்பதற்குக் காரணம் அதன் இயக்க முறையே. ஊன்றிய காலின் மேல் உடல் எழும்போது வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. இறங்கும்போது உயரம் குறைந்து வேகம் கூடுகிறது. கடிகாரத்தின் ஊசலில் நிகழ்வதைப் போன்ற இப்பரிமாற்றத்தால், ஒவ்வொரு காலடியிலும் தேவைப்படும் சக்தியில் பாதிக்கு மேல் மீண்டும் பயன்படுகிறது. ஓட்டத்தில் இவ்வகைப் பரிமாற்றம் இல்லை. அதனால் ஓட்டத்துக்குக் கிலோகிராமுக்கு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது.

ஏற்றமும் இறக்கமும்

மேட்டில் ஏறும்போது உடலைப் புவியீர்ப்புக்கு எதிராக உயர்த்த வேண்டியுள்ளது. ஒரு கிலோகிராம் எடையை 100 மீட்டர் உயர்த்த 981 ஜூல், அதாவது 0.23 கிலோகலோரி வேலை தேவை. தசைகள் தாம் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன, எஞ்சியது உஷ்ணமாகிறது. ஆகவே, உண்மையான செலவு இதைப்போல் நான்கு மடங்காகும். கணக்கின் எளிமைக்காக, கிலோகிராமுக்கு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 0.9 கிலோகலோரி கூட்டிக்கொள்ளலாம். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 54 கிலோகலோரி. நூறு மீட்டர் உயரம் ஏறுவது, சமதரையில் 1.8 கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம் என்பது இதன் பொருள்.

கேதார்நாத் யாத்திரையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கௌரிகுண்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,980 மீட்டர் உயரத்திலும், கேதார்நாத் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்திலும் உள்ளன. 2013-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பாதையின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் எனக் கொண்டால், 60 கிலோகிராம் எடையுள்ள யாத்திரிகருக்குத் தூரத்தின் பொருட்டு 60 × 16 × 0.5 = 480 கிலோகலோரியும், 1,600 மீட்டர் ஏற்றத்தின் பொருட்டு 54 × 16 = 864 கிலோகலோரியும் செலவாகும். மொத்தம் 1,344. தூரத்தை விட உயரமே மிகுதியாக உடலை வாட்டுகிறது என்பது இதனால் விளங்கும். மலைப் பாதைகளின் கடுமையைக் கிலோமீட்டரைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது எவ்வளவு தவறு என்பதும் விளங்கும்.

இறங்கும்போது செலவு குறைகிறது, ஆனால் இல்லாமற்போவதில்லை. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரியும் இறக்கத்தில், செலவு சமதரையில் ஆவதில் ஏறத்தாழ பாதியாகிறது. சரிவு மிகச் செங்குத்தாகும்போது, உடல் விழாமல் தடுப்பதற்கே தசைகள் உழைக்க வேண்டியிருப்பதால் செலவு மறுபடியும் உயர்கிறது.

சுமையுடன் நடத்தல்

சுமக்கும் சுமையை உடல் எடையுடன் கூட்டிக் கணக்கிடுவது முதல் நிலை மதிப்பீட்டுக்குப் போதுமானது. 55 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண், ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிணற்றிலிருந்து 15 லிட்டர் தண்ணீர் கொண்டுவருகிறார் எனக் கொள்க. போகும்போது 55 × 1 × 0.5 = 27.5 கிலோகலோரி. வரும்போது எடை 70 கிலோகிராம் ஆவதால் 35 கிலோகலோரி. ஒரு முறை சென்று திரும்ப 62.5, நாளொன்றுக்கு மூன்று முறையெனில் ஏறத்தாழ 188 கிலோகலோரி. தண்ணீர் இறைப்பதும், குடத்தைத் தூக்கி வைப்பதும் இதில் சேரவில்லை.

இந்தத் தொகை சிறிதன்று. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ல் வகுத்த பரிந்துரைகளின்படி, 55 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு உடலுழைப்பு குறைந்த வாழ்க்கையில் நாளொன்றுக்கு 1,660 கிலோகலோரியும், நடுத்தர உழைப்பில் 2,130 கிலோகலோரியும், கடின உழைப்பில் 2,720 கிலோகலோரியும் தேவை. முதலிரண்டுக்கும் உள்ள இடைவெளி 470. அதில் ஐந்தில் இரண்டு பங்கைத் தண்ணீர் சுமப்பது மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அரிசியாகக் கூறினால், இது நாளொன்றுக்கு 50 கிராமுக்குச் சற்று மேல். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேல். ‘வீட்டிலிருப்பவர்’ என்று ஏட்டில் எழுதி, உழைப்பில்லாதோர் வரிசையில் சேர்க்கப்படும் பெண்ணின் பங்கிலிருந்து இவ்வளவு தானியம் ஓசையின்றிக் குறைந்துவிடுகிறது.

சுமையை எவ்வாறு சுமப்பது என்பதும் முக்கியமானது. இந்தியாவில் தத்தா, ராமநாதன் ஆகிய இருவரும் ஒரே சுமையை ஏழு விதமாகச் சுமக்கச் செய்து ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1971-ல் வெளியிட்டனர். மார்பிலும் முதுகிலுமாகச் சுமையைப் பகிர்ந்து சுமப்பது மிகக் குறைந்த செலவுடையது எனவும், தலைச்சுமை அதற்கு மிக அண்மையில் நிற்கிறது எனவும், கைகளில் தொங்கவிட்டுச் செல்வதே மிகுந்த செலவுடையது எனவும் அவர்கள் கண்டனர். சுமை உடலின் நடுக்கோட்டுக்கு அருகில் அமைவதே சிக்கனம் என்பது இதன் சாரம்.

பழக்கம் எந்த அளவுக்கு உதவும் என்பது இன்னும் விவாதத்துக்குரியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் தலையில் சுமை தூக்கிப் பழகிய பெண்கள், தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்திச் செலவின்றியே சுமக்கின்றனர் என்று 1986-ல் ஓர் ஆராய்ச்சி அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் பின்னர் நடந்த ஆராய்ச்சி இதைப் பொது உண்மையாக ஏற்கவில்லை. நேபாளத்தில் நாம்சே சந்தைக்குச் செல்லும் ஆண் சுமைதூக்கிகள் சராசரியாகத் தம் எடையில் 93 சதவீதம் சுமப்பதையும், ஒரே அளவு சுமைக்கு மற்றவர்களைவிடக் குறைந்த சக்தியைச் செலவிடுவதையும் 2005-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. செலவு குறைவு என்பதால் அவர்களுக்கு உணவு குறைவாகப் போதும் என்று கொள்ளலாகாது. சுமையின் அளவே செலவை மிக உயர்த்திவிடுகிறது.

தரையும் உடலும்

நடக்கும் தரையின் தன்மை செலவைப் பெரிதும் மாற்றும். சுமையுடன் நடப்பதற்கெனப் பாண்டோல்ப் முதலியோர் 1977-ல் வகுத்த சூத்திரத்தில் தரைக்கென ஒரு பெருக்கெண் உண்டு. தார்ச் சாலைக்கு அது 1 எனில், மண் சாலைக்கு 1.1, அடர்ந்த புதர்க்காட்டுக்கு 1.5, சதுப்பு நிலத்துக்கு 1.8, தளர்ந்த மணலுக்கு 2.1. கால் புதையும் மணலில் ஒரு கிலோமீட்டர் நடப்பது சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடப்பதற்கு ஒப்பாவதை, கடற்கரையில் நடந்தவர் தம் கால்களாலேயே அறிந்திருப்பர்.

உடல் வேறுபாடுகளும் உண்டு. குழந்தைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் ஒரே தூரத்துக்கு மிகுதியான காலடிகள் தேவைப்படுவதால், கிலோகிராம் ஒன்றுக்கு ஆகும் செலவு சற்று மிகுகிறது. முதியோருக்கும் அவ்வாறே. மேலும், சூத்திரங்களுட் பல ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் அளந்து உருவாக்கப்பட்டவை. இந்தியரின் ஓய்வுநிலைச் செலவை இவை சிறிது மிகுத்துக் காட்டக்கூடும் என்பதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சுட்டியுள்ளனர்.

தூரம் தெரியாதவர் காலடிகளை எண்ணி அறியலாம். அளந்து குறித்த 100 மீட்டரை வழக்கம்போல் நடந்து, எத்தனை காலடிகள் ஆயின என்று எண்ணிக்கொள்ளவேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஒரு காலடியின் நீளம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் இருக்கும். இக்காலத்தில் பலர் நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி என்பதை இலக்காகக் கொள்கின்றனர். இவ்வெண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியொன்றின் பெயரிலிருந்து பரவியதேயன்றி, ஆராய்ச்சியின் முடிவாகத் தோன்றியதன்று. மேற்கூறியவருக்குப் பத்தாயிரம் காலடி 6.8 கிலோமீட்டராகும். அவருடைய எடை 60 கிலோகிராமெனில், நிகரச் செலவு 204 கிலோகலோரி.

மணிக்கட்டில் அணியும் கருவிகள் கலோரிகளைக் கடைசி இலக்கம் வரை காட்டுகின்றன. அவ்வளவு நுட்பம் அவற்றிடம் இருப்பதாக எண்ணலாகாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏழு கருவிகளுள் மிகச் சிறந்ததும் சக்திச் செலவைக் கூறுவதில் சராசரியாக 27 சதவீதம் பிழைபட்டது. மிக மோசமானது 93 சதவீதம் பிழைபட்டது. இதயத் துடிப்பை அவை பெரும்பாலும் சரியாகவே காட்டின. எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பாதியாக்கும் எளிய கணக்கு, இத்தகைய கருவி கூறுவதைச் சரிபார்ப்பதற்கும் உதவும்.

உணவுக் கணக்கும் நடைக் கணக்கும்

நடையால் எடையைக் குறைக்க விரும்புவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். 5 கிலோமீட்டர் நடையின் நிகரச் செலவாகிய 150 கிலோகலோரி, ஏறத்தாழ 17 கிராம் எண்ணெயிலோ, 38 கிராம் சர்க்கரையிலோ அடங்கிவிடுகிறது. நடந்து முடித்தபின் உண்ணும் ஒரு சிறு பலகாரம் அந்த ஒரு மணி நேரக் கணக்கை நேர் செய்துவிடும்.

வரலாற்றில் புகழ்பெற்ற நடையொன்றையும் இக்கணக்கால் அளந்து பார்க்கலாம். 1930 மார்ச் 12-ஆம் தேதி சபர்மதியிலிருந்து புறப்பட்ட உப்பு யாத்திரை, ஏறத்தாழ 385 கிலோமீட்டர் கடந்து, ஏப்ரல் தொடக்கத்தில் தண்டியை அடைந்தது. அவ்வளவு தூரம் நடந்த 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு நிகரச் செலவு 50 × 385 × 0.5 = 9,625 கிலோகலோரி. உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோகிராம் கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி அடங்கியிருப்பதால், அம்முழு யாத்திரைக்கும் ஈடானது ஒன்றேகால் கிலோகிராம் கொழுப்பே. மனித உடல் எவ்வளவு சிக்கனமான இயந்திரம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தாளில் எழுதும் கணக்கு உடலில் அப்படியே நிகழ்வதுமில்லை. எடை குறையக் குறைய அதே தூரத்துக்கு ஆகும் செலவும் குறைகிறது, பசி கூடுகிறது, மற்ற நேரங்களில் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதும் உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழும் ஹாட்சா மக்கள் நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கின்றனர். ஆயினும், உடலளவைக் கருத்திற்கொண்டு ஒப்பிட்டால், அவர்களுடைய மொத்தச் சக்திச் செலவு மேலைநாட்டு நகரவாசிகளுடையதை ஒத்திருப்பதை 2012-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

இதனால் நடை பயனற்றது என்று கருதுவது தவறாகும். இதயம், இரத்தக் குழாய்கள், இரத்தத்திலுள்ள சர்க்கரை, உறக்கம், மன அமைதி ஆகியவற்றிற்கு நடை தரும் நன்மை, அதில் செலவாகும் கலோரிகளைப் பொறுத்ததன்று. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்த நெறி, எடையைக் குறைப்பதை மட்டும் கருதிக் கூறப்பட்டதன்று.

தொகுப்பு

கணக்கிடும் முறையைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். உடல் எடையுடன் சுமையைக் கூட்டவேண்டும். அதைத் தூரத்தால் பெருக்கிப் பாதியாக்கவேண்டும். தரை மணலாகவோ சேறாகவோ இருந்தால் அதற்குரிய பெருக்கெண்ணால் பெருக்கவேண்டும். ஏறிய ஒவ்வொரு 100 மீட்டருக்கும், கிலோகிராம் ஒன்றுக்கு 0.9 வீதம் கூட்டவேண்டும். கிடைப்பது நிகரச் செலவு. மொத்தச் செலவு வேண்டுமெனில், நடந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உடல் எடைக்குச் சமமான கிலோகலோரியைச் சேர்க்கவேண்டும். விடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதலோ குறைவோ இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

இவ்வளவு பிழை இருந்தபோதிலும் இக்கணக்கு தன் பணியைச் செய்கிறது. உண்பதற்கு மிகுதியாக உள்ளவர், ஒரு மணி நேர நடை எவ்வளவு சிறிய உணவுக்கு ஈடாகிறது என்பதை இதனால் அறிகிறார். சுமையுடன் மைல் கணக்கில் நடந்து உழைப்பவருக்கோ, அன்றாடம் எவ்வளவு தானியம் கூடுதலாகத் தரப்பட வேண்டும் என்பதை, உணவுத் திட்டம் வகுப்போர் இதனால் அறிந்துகொள்ளலாம்.